ஆமையின் நினைப்பு

மீன் தன் முட்டையைப் பார்வையாலேயே பொரிக்கும் என்பார்கள். பறவை சிறகுக்கடியில் தொட்டு அணைத்துப் பொரிக்கும். ஆமை கரையேறி முட்டையிட்டு, மண்ணைத் தள்ளி மூடிவிட்டுக் கடலுக்குப் போய்விடும். எங்கோ ஆழத்தில் இருந்தபடி நினைத்துக்கொண்டே இருக்கும். அந்த நினைப்பிலேயே முட்டை பொரியும். குரு சீடனை ஆட்கொள்ளும் வழிகளைச் சொல்ல நம் பெரியவர்கள் எடுத்தாண்ட உவமைகள் இவை. சைவ மரபில் நயன தீட்சை, பரிச தீட்சை, மானச தீட்சை என்று இவற்றுக்குப் பெயர்.

வைணவத்தில் குரங்கும் பூனையும் வருகின்றன. இறைவனை அடைய நம் பங்கு ஏதாவது வேண்டுமா, எல்லாமே அவன் பொறுப்பா என்ற கேள்வி, இராமானுசருக்குப் பின் வேதாந்த தேசிகர் வழியில் வந்தவர்களுக்கும் பிள்ளை லோகாசாரியர் வழியில் வந்தவர்களுக்கும் இடையே நின்றது. குரங்குக்குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்கிறது. அது மர்க்கட நியாயம். பூனைக்குட்டி ஒன்றும் செய்வதில்லை, தாயே கவ்வித் தூக்கிப் போகிறது. அது மார்ஜார நியாயம். ஸ்ரீரங்கத்து உபன்யாசங்களில் அம்மா இதையெல்லாம் பல தடவை கேட்டவர். பக்கத்தில் உட்கார்ந்து நானும் கேட்டிருக்கிறேன். குரங்கின் பிடி எனக்குப் புரிந்தது, பூனையின் கவ்வலும் புரிந்தது. ஆமைதான் மனதில் ஒட்டவே இல்லை. அருகில் இல்லாத ஒருத்தி நினைத்துக்கொண்டு மட்டும் இருப்பதில் யாருக்கு என்ன பயன் என்று தோன்றும்.

பள்ளி விடுமுறையில் போர்னியோத் தீவின் வடக்கே, மலேசியாவின் சபா மாநிலத்துக்குக் குடும்பமாகப் போனோம். கணவர், ஆறாவது படிக்கும் மகள், அம்மா, நான். மகளுக்கு ஒராங்குட்டான் பார்க்க வேண்டும். அம்மாவுக்கு எங்களோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த உவமைகளைப் படகில் உட்கார்ந்து மறுபடி நினைக்கப் போகிறோம் என்று எங்களில் யாரும் எதிர்பார்க்கவில்லை.

சண்டக்கானிலிருந்து கினபாத்தாங்கான் ஆற்றுக்குப் போகும் சாலையில் வெகுதூரம் வரை இருபுறமும் செம்பனைத் தோட்டங்கள்தான். பாமாயில் எடுக்கும் மரம். வரிசை மாறாமல், இடைவெளி மாறாமல் நிற்கிறது. உலகில் மிக அதிகமாகப் பாமாயில் இறக்குமதி செய்யும் நாடு நம்முடையது. எங்கள் தெரு ரேஷன் கடையில் அட்டைக்கு வாங்கும் பாக்கெட்டும் அதில் சேர்ந்ததுதான். காட்டைப் பார்க்கப் புறப்பட்டவள், காடு போன இடத்தை முதலில் பார்த்தேன். ஆற்றோரம் மிஞ்சியதைத்தான் 2005ஆம் ஆண்டில் வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். தொடர்ச்சியாக இல்லாமல் துண்டு துண்டாக இருக்கிறது. உயிர்கள் அத்தனையும் அந்த ஒடுங்கிய பச்சைக்குள் வந்து நெருங்கியிருப்பதால்தான் நம் கண்ணுக்கு அவ்வளவு எளிதாகத் தென்படுகின்றன என்பதை அறிந்துகொண்டு பார்ப்பது வேறு பார்வை. கும்பிடத் தோன்றியது, மன்னிப்பும் கேட்கத் தோன்றியது.

கினபாத்தாங்கான் 560 கிலோமீட்டர் ஓடி சுலு கடலில் கலக்கிறது. சேறு கரைந்த பழுப்பு நிறம். சுகாவ் என்ற ஊரில் தங்கினோம். விடியும்போதும் பொழுது சாயும்போதும் படகில் போக வேண்டும். உச்சி வெயிலில் விலங்குகள் காட்டுக்குள் ஒதுங்கிவிடும். படகோட்டி அந்த ஆற்றங்கரையிலேயே தலைமுறைகளாக வாழும் ஓராங் சுங்கை இனத்தவர். ஏதாவது தென்பட்டால் எஞ்சினை நிறுத்திவிடுவார்; தென்படாவிட்டாலும் சில இடங்களில் நிறுத்திவிடுவார். நீரோட்டம் படகை மெல்லத் தள்ளிக்கொண்டு போகும். யாரும் பேச மாட்டோம். மகள் முதலில் அந்த மௌனத்தில் நெளிந்தாள், பிறகு பழகிக்கொண்டாள். அந்தக் காத்திருப்பில் ஒரு சுத்தம் இருந்தது. கேட்பதற்கு ஒன்றுமில்லை, கேட்டாலும் கிடைக்காது. வருவது வரும். வீட்டில் பூஜை அறையில் உட்காரும்போது என் மனம் பட்டியல் போடுகிறது. மகள் படிப்பு, அம்மாவின் முட்டிவலி, வாங்கிய கடன். ஆற்றில் அந்தப் பட்டியல் தானாக உதிர்ந்தது.

யானைகளைப் பார்க்கவில்லை. போர்னியோ யானைகள் நம் யானைகளைவிட உருவில் சிறியவை, இங்கிருப்பவற்றிலிருந்து லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்தவை என்று மரபணு ஆய்வுகள் சொல்கின்றன. கரையில் புல் மிதிபட்டுக் கிடந்த இடத்தைப் படகோட்டி காட்டினார். அன்று காலை நடந்த தடம். மகள் அதை வெகுநேரம் பார்த்தாள்.

சாயங்காலம் நீளமூக்குக் குரங்குகள் வந்தன. போர்னியோவைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையில் இல்லாத இனம். பகலெல்லாம் காட்டுக்குள் இலை தின்றுவிட்டு, இரவு தூங்குவதற்கு ஆற்றோர மரங்களுக்குத் திரும்பும். ஆணுக்கு மூக்கு வாயை மறைத்துத் தொங்குகிறது, வயிறு பானைபோல் இருக்கிறது. அந்த வயிற்றுக்குள் அறைகள் உண்டு. இலையை நொதிக்கவைத்துச் செரிப்பதால், இனிப்பான கனிந்த பழங்கள் அதற்கு ஆகாது. மற்ற குரங்குகள் போட்டிபோடும் பழத்தை விட்டுவிட்டு, கசப்பும் நாருமானதைத் தன் பங்காக எடுத்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருக்கும் அந்தக் கூட்டத்தை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

ஒரு கிளையாறு பிரியும் இடத்தில் கூட்டம் எதிர்க்கரைக்குத் தாவ வேண்டியிருந்தது. கிளை நுனிக்கு வருவதும், கீழே தண்ணீரைப் பார்ப்பதும், பின்வாங்குவதுமாக இருந்தன. தண்ணீரில் முதலை உண்டு. ஒரு பெண் குரங்கின் வயிற்றில் குட்டி தொங்கியது. பிறந்து சில வாரங்கள்தான் இருக்கும் என்றார் படகோட்டி. இந்த இனத்தின் குட்டிகளுக்கு முகம் கருநீலமாக இருக்கும், வளர வளரத்தான் மாறும். அந்த நீல முகம் எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. விரல்கள் தாயின் விலா மயிருக்குள் புதைந்து கணுக்கள் மட்டும் தெரிந்தன. தாய் கிளையை இரண்டு தடவை அழுத்திப் பார்த்தாள், மூன்றாவது அழுத்தத்தில் பாய்ந்தாள். இலைகள் சடசடத்தன. மறுகரையில் இருவரும் இருந்தார்கள்.

"மர்க்கட நியாயம்" என்றேன் அம்மாவிடம். "குட்டி எப்படிப் பிடிச்சிருக்கு பாரு. அது விட்டா போச்சு."

அம்மா மறுகரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "புடிச்சுக்கிட்டது குட்டிதான், சரி. தாவுனது யாரு?"

அம்மா தர்க்கம் படித்தவர் இல்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு கட்சியும் ஒரே குரங்கின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டன. பிடி குட்டியுடையது, பாய்ச்சல் முழுக்கத் தாயுடையது. பிடிப்பதற்கு வேண்டிய விரல் வலுவும் தாய் வயிற்றிலிருந்தே வந்தது. நான் பக்தி செய்கிறேன், விரதம் இருக்கிறேன், பாராயணம் செய்கிறேன் என்று எண்ணிக்கொள்ளும்போதெல்லாம் இந்தக் கேள்வியை எனக்கு நானே கேட்டுப் பார்க்கிறேன். மனசு லேசாகிறது. முயற்சியை விடச் சொல்லவில்லை அந்தக் கேள்வி. முயற்சியின் அளவு எவ்வளவு என்று காட்டிக்கொடுக்கிறது.

மறுநாள் விடியலில் ஒரு ஜோடி இருவாச்சி தலைக்கு மேலே போனது. சிறகு காற்றை அறுக்கும் ஓசை பறவை கண்ணில் படுவதற்கு முன்பே கேட்டது. நம் ஆனைமலையில் இருக்கும் பறவையின் உறவினம்தான். முட்டையிடும் காலத்தில் பெட்டை மரப்பொந்துக்குள் புகுந்து, வாசலை உள்ளிருந்தே பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நீட்ட மட்டும் ஒரு கீறல். பல இனங்களில், பறப்பதற்கான இறகுகளைக்கூட உள்ளே உதிர்த்துவிடும். ஆண் பறவை வாரக்கணக்கில் பழம் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியாக ஊட்ட வேண்டும். அது வராவிட்டால் உள்ளிருப்பவர்கள் கதி நிச்சயமில்லை. தொட்டு அடைகாப்பதன் கடைசி எல்லை இது. தன்னைச் சிறையிட்டுக்கொண்டு, பறப்பையும் கழற்றி வைத்துவிட்டு, இன்னொருவரின் வரவை நம்பி இருட்டில் உட்கார்ந்திருப்பது. சரணாகதியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தப் பறவையை ஏன் விட்டுவிட்டார்கள் என்று தெரியவில்லை.

செபிலோக்கைச் சொல்லாமல் போனால் மகள் கோபித்துக்கொள்வாள். தாயை இழந்த ஒராங்குட்டான் குட்டிகளுக்குக் காட்டு வாழ்க்கையைக் கற்றுத்தரும் மையம், 1964ஆம் ஆண்டு முதல் நடக்கிறது. காட்டில் ஒராங்குட்டான் குட்டி ஆறேழு வருடம் தாயைவிட்டுப் பிரியாது. எந்தப் பழம் எப்போது பழுக்கும், இரவு படுக்க இலைமெத்தை எப்படி மடிப்பது எல்லாம் அந்த வருடங்களில் கற்பதுதான். அதனால் ஒரு தாய் ஏழெட்டு வருடத்துக்கு ஒரு முறைதான் ஈனும். மையத்தில் மேடைமேல் வைக்கும் உணவை வேண்டுமென்றே அலுப்பூட்டும் விதமாகத் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வைப்பார்களாம். சலித்துப்போய்க் காட்டுக்குள் தானே தேடப் போக வேண்டும் என்பதற்காக. குட்டி இனி மேடைக்கு வராவிட்டால், அதை வளர்த்தவர்களுக்கு அது நல்ல சேதி.

அதற்குப் பிறகுதான் செலிங்கான்.

சண்டக்கானிலிருந்து ஒரு மணி நேரப் படகுப் பயணம். வடக்கே சுமார் 40 கிலோமீட்டர். செலிங்கான், பாக்குங்கான் கெச்சில், குலிசான் என்ற மூன்று தீவுகளைச் சேர்த்து 1977இல் ஆமைத் தீவுகள் பூங்காவாக்கினார்கள். முட்டைப் பொரிப்பகம் அதற்கும் முன்னால், 1966லேயே செலிங்கானில் தொடங்கிவிட்டது. எதிரே கண்ணுக்கெட்டும் தூரத்தில் பிலிப்பைன்ஸ் தீவுகள். இரண்டு நாடுகளும் 1996இல் ஒப்பந்தம் செய்து இந்தக் கடலைச் சேர்ந்து காக்கின்றன. ஆமைக்கு எல்லைக்கோடு கிடையாது. இங்கே வருவது பெரும்பாலும் பேராமை, அழுங்காமையும் வரும்.

இருட்டிய பிறகு கடற்கரைக்கு யாரும் போகக் கூடாது. ஆமை வந்தால் வனக்காவலர் வந்து கூப்பிடுவார், அதுவரை கூடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பிள்ளைகள் மேசைமேல் தலைவைத்துத் தூங்கிவிட்டார்கள். அம்மா முக்காடு போட்டுக்கொண்டு உதடசைய எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். நள்ளிரவை நெருங்கும்போது கூப்பிட்டார்கள். மகளை எழுப்பி, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மணலில் நடந்தோம்.

அவள் ஏற்கெனவே குழியைத் தோண்டி முடித்திருந்தாள். காவலர் மங்கலான விளக்கை அவளுக்குப் பின்னால் மட்டும் காட்டினார். குழிக்குள் வெள்ளையாக, ஈரம் மினுங்க, ஒன்று, இரண்டு, சிறிது இடைவெளி, மறுபடி மூன்று. ஒவ்வொரு முறையும் பின் துடுப்புகளின் விளிம்பு சற்றே சுருண்டு மேலெழுந்து தணிந்தது. மூச்சை வெளியே விடும் சத்தம் மனிதப் பெருமூச்சுதான். கண்ணிலிருந்து கெட்டியாக நீர் வழிந்து மணல் ஒட்டியிருந்தது. உடம்பில் சேர்ந்த உப்பைக் கண்ணோரச் சுரப்பி வெளியேற்றுவது அது என்று காவலர் சொன்னார். முட்டையிடத் தொடங்கிவிட்டால் அவள் சுற்றியிருப்பதைப் பொருட்படுத்துவதில்லை. துடுப்பில் அடையாளத் தகடு இருக்கிறதா என்று பார்த்தார்கள், ஓட்டை அளந்தார்கள். அவள் தன் வேலையில் இருந்தாள்.

அம்மா என் காதோரம் குனிந்தார். "ஏதாவது சாப்பிட்டுட்டு வந்திருக்குமா?"

மொழிபெயர்த்துக் கேட்டேன். முட்டையிடும் பருவத்தில் இவை பெரும்பாலும் தின்பதில்லை என்றார் காவலர். முன்பே உடம்பில் சேர்த்துவைத்ததை வைத்துத்தான் வெகுதூரம் நீந்தி வருவதும், இரண்டு வாரத்துக்கொரு முறை கரையேறி நூறு முட்டை அளவில் இடுவதும். பருவம் முடிந்து திரும்பிப் போனால், மறுபடி வரச் சில வருடங்களாகும். அம்மா "ம்" என்றார். அதற்குமேல் கேட்கவில்லை.

முட்டையிட்டு முடித்ததும் துடுப்பால் மணலை வாரி வீசி மூடினாள். நேரம் எடுத்துக்கொண்டு, பொறுமையாக, இடத்தின் சுவடே தெரியாதபடி. முட்டைகளைக் காவலர்கள் முன்பே எடுத்து வாளியில் வைத்துவிட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. பிறகு கடலை நோக்கித் திரும்பினாள். இழுத்து, நின்று, மூச்சுவிட்டு, இழுத்து. ஒருமுறைகூடத் தலையைத் திருப்பவில்லை.

பத்து வயதில் என்னை வெளியூரில் ஒரு விடுதியில் சேர்த்தார்கள். எங்கள் ஊரில் மேல்வகுப்பு இல்லை. சேர்த்துவிட்டுப் போன அன்று அம்மா வாசலைத் தாண்டும்போது திரும்பிப் பார்க்கவில்லை. அந்த முதுகு என் நினைவில் அப்படியே இருக்கிறது. இறைவனிடம் பேச உட்கார்ந்த எத்தனையோ நாட்களில் அந்த முதுகுதான் முன்னால் வந்திருக்கிறது. இருக்கிறார், ஆனால் போய்க்கொண்டிருக்கிறார். ஆமை உவமை எனக்கு ஒட்டாமல் போன காரணம் மணலில் நிற்கும்போதுதான் விளங்கியது.

பொரிப்பகத்தில் காவலர் குழிவெட்டி முட்டைகளை இறக்கினார். தாய் தோண்டும் ஆழத்துக்கே வெட்டுவார்களாம். சுற்றிலும் வலைவளையம், ஒரு குச்சியில் எண்ணும் தேதியும். உடும்பு தோண்டாது, மனிதர் எடுக்க முடியாது. ஏறக்குறைய இரண்டு மாதம் மணல் அடைகாக்கும். மணலின் சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். பக்கத்திலேயே அன்று மாலை பொரிந்த குஞ்சுகள் ஒரு கூடையில் இருந்தன. மகள் குனிந்து பார்த்தபோது காவலர் ஒன்றை எடுத்துத் திருப்பிக் காட்டினார். வயிற்றின் நடுவில் சின்னத் தழும்பு. முட்டையின் மஞ்சள்கரு அந்த வழியாகத்தான் உடம்புக்குள் போயிருக்கிறது. முதல் சில நாட்கள் இது ஒன்றும் தின்னாமலே நீந்தும். அலைகளைத் தாண்டி ஆழ்கடல் போய்ச் சேரும் வரைக்கும் தாய் கொடுத்தனுப்பிய அந்த மஞ்சள்கருதான் உணவு.

என் டிரங்குப் பெட்டியின் அடியில், பாவாடைகளுக்குக் கீழே, பொரிவிளங்காய் உருண்டை ஒரு டின் நிறைய இருந்தது.

கூடையைக் கரையில் சாய்த்தார்கள். குஞ்சுகள் ஒரு கணம் தயங்கிவிட்டுக் கடல் பக்கம் திரும்பி ஓடின. பிறந்த கடற்கரையின் காந்தப்புலத்தை அவை உள்ளே பதித்துக்கொண்டு போகின்றன. இருபது முப்பது வருடம் கழித்து வளர்ந்து, தாயாகும் நாளில் அதை வைத்து இந்தப் பக்கமே திரும்பி வரும். மிகப் பல வராது. பிழைப்பவை கொஞ்சம்தான். அதையும் அன்றிரவு நினைத்தேன், அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் நினைப்பால் பொரிப்பது என்றால் என்ன என்று தெரிந்தது. போன பிறகு உட்கார்ந்து ஏங்குவதை நம் முன்னோர் சொல்லவில்லை. அலை எட்டாத மேட்டைத் தேர்ந்தது, ஆழம் பார்த்துத் தோண்டியது, சூட்டை மணலிடம் ஒப்படைத்தது, வழிக்கு உணவை வயிற்றுக்குள் வைத்தது, திசையை உள்ளே எழுதியது, இத்தனையும் அவள் போவதற்கு முன்பே செய்து முடித்த நினைப்பு. மிச்சத்துக்கு யாரோ ஒரு காவலரின் கை வந்து சேர்கிறது. அருள் என்று நாம் சொல்வதில் பாதி, நமக்கு முன்னாலேயே நடந்து முடிந்துவிட்டது. அதனால்தான் அது நம் கண்ணில் படுவதில்லை.

காலையில் படகுக்காகக் காத்திருந்தபோது அம்மாவும் நானும் மட்டும் மரநிழலில் உட்கார்ந்திருந்தோம். மணலில் அகலமான தடங்கள் கடல்வரை போயிருந்தன. நாற்பது வருடமாகக் கேட்காததைக் கேட்டேன்.

"என்னை விடுதியில விட்டுட்டுப் போனியே, அன்னிக்கு ஏம்மா நீ திரும்பியே பாக்கல?"

அம்மா யோசித்தார். "பஸ்ஸு சீக்கிரம் வந்துருச்சு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த உருண்டைய நீ தின்னியா, கூட இருந்த புள்ளைங்களுக்குக் குடுத்துட்டியா?"

"குடுத்தேன், நானும் தின்னேன்."

"காலாண்டுப் பரிச்சை லீவு வரைக்கும் வரணும்னு கணக்குப் பண்ணித்தான் புடிச்சேன். கூட இருக்குற புள்ளைங்களுக்கும் சேத்து."